ஹோம்லெஸ், கேர், கஸ்டடி: ஜெர்மனில் எந்தச் சொல்லைப் போடுவது?

நெய்தல் (கேள்வி)

வணக்கம். வீடிழந்த குடும்பங்களைப் பற்றிய ஆங்கில அறிக்கை ஒன்றை ஜெர்மனுக்குக் கொண்டுபோகிறேன். அறிக்கையின் களம் இங்கிலாந்து. படிக்கப்போகிறவர்கள் ஜெர்மனியில் சமூகப் பணியில் இருப்பவர்கள். இடையிடையே நேர்காணல்களும் வருகின்றன. அவை பிறகு காணொளிக்கு வசன வரிகளாகவும் போகும். ஜெர்மன் சொற்களை ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன்.

முதல் சிக்கல் ‘ஹோம்லெஸ்’. அகராதி ஒப்டாஹ்லோஸ், வோனுங்ஸ்லோஸ், ஹைமாட்லோஸ் என்று மூன்றைத் தருகிறது. மூலத்திலோ தெருவில் படுப்பவர், நகராட்சி ஒதுக்கிய அறையில் இருக்கும் தாயும் பிள்ளைகளும், நண்பர் வீட்டு சோபாவில் படுக்கும் இளைஞர் எல்லாருக்கும் ஒரே சொல்தான். சீராக இருக்கட்டும் என்று ஒன்றையே கடைசிவரை வைத்துக்கொள்ளலாமா? ‘இன்டென்ஷனலி ஹோம்லெஸ்’ என்று ஒரு தொடர் வேறு அடிக்கடி வருகிறது.

அடுத்தது இடப்பெயர்கள்: ஷெல்ட்டர், ஹாஸ்டல், ரெஃப்யூஜ், டெம்பரரி அகாமடேஷன். பிறகு குடும்பச் சொற்கள்: சிங்கிள் பேரண்ட், சிப்ளிங் (உடன்பிறப்பு), கார்டியன் (காப்பாளர்), கஸ்டடி (பிள்ளைப் பொறுப்பு), ‘இன் கேர்’ (அரசுப் பொறுப்பில் வளரும் பிள்ளை), கேர் ஆர்டர், ஃபாஸ்டர் கேரர் (பிறர் பிள்ளையை வளர்ப்பவர்), எஸ்ட்ரேஞ்ட் (உறவு விட்டுப்போனவர்). இவற்றில் எது கண்ணிவெடி, எது சாதாரணம் என்று சொன்னால் போதும், மீதியை நான் பார்த்துக்கொள்வேன்.

வழக்குமொழி

ஒன்றையே கடைசிவரை வைத்துக்கொள்ள வேண்டாம். சீர்மைக்காகச் செய்யும் அந்த வேலைதான் அறிக்கையைப் பொய்யாக்கும். ஒவ்வொரு இடத்திலும் இரண்டு கேள்வி கேளுங்கள்: இந்த ஆள் இன்று இரவு எங்கே படுக்கிறார்? எந்த உரிமையில் படுக்கிறார்? இரண்டுக்கும் பதில் தெரிந்தால் ஜெர்மன் சொல் தானாக வந்துவிடும்.

தலைக்கு மேல் எதுவும் இல்லாமல் பாலத்தடியிலோ பூங்காவிலோ ரயில் நிலையத்திலோ படுத்தால் ஒப்டாஹ்லோஸ். கூரை இருக்கிறது, ஆனால் வாடகை ஒப்பந்தமோ சொந்த வீட்டு உரிமையோ இல்லை என்றால் வோனுங்ஸ்லோஸ். நகராட்சி அறையில் இருக்கும் தாயும் சோபாவில் படுக்கும் இளைஞரும் இந்த இரண்டாவது வகை. வோனுங்ஸ்லோஸ் பெரிய வட்டம், ஒப்டாஹ்லோஸ் அதற்குள் இருக்கும் சிறிய வட்டம். தெருவில் படுப்பவரும் வோனுங்ஸ்லோஸ்தான். ஆனால் வோனுங்ஸ்லோஸ் ஆன எல்லாரும் தெருவில் இல்லை.

இது வெறும் நடைத்தேர்வு கிடையாது, சட்டத்தில் இருக்கும் வரையறை. வீடற்றோர் புள்ளிவிவரத்துக்காக ஜெர்மனி 2020-இல் தனிச் சட்டம் போட்டது. குடியிருப்பைப் பயன்படுத்தும் உரிமை ஒப்பந்தத்தாலோ சொத்துரிமையாலோ உறுதிப்படாதவர் வோனுங்ஸ்லோஸ் என்பது அதன் 3-ஆம் பிரிவின் சாரம். அந்தச் சட்டப்படி வந்த முதல் அறிக்கை 2022 தொடக்கத்து நிலவரத்தைக் காட்டுகிறது: மொத்தம் ஏறத்தாழ 2,62,600 பேர். அதில் தங்க வைக்கப்பட்டவர்கள் 1,78,100. உறவினர், நண்பர் வீடுகளில் ஒண்டியிருந்தவர்கள் 49,300. தெருவிலோ தற்காலிக மறைவிடங்களிலோ இருந்தவர்கள் 37,400. ஒருவரே இரண்டு வகையில் வந்திருக்கலாம் என்பதால் கூட்டுத்தொகை சற்றுப் பிசகும். மொத்த எண்ணுக்குப் பக்கத்தில் ஒப்டாஹ்லோஸ் என்று எழுதினால் தெருவில் கிடப்பவர்களின் எண்ணிக்கையை ஏழு மடங்காக்கிவிடுவீர்கள். சமூகப் பணியாளர் ஒருவர் அதைப் பார்த்த நொடியில் மொத்த அறிக்கையின் மேலும் நம்பிக்கை இழப்பார்.

சோபாக்காரரின் நிலைக்கு ஜெர்மனில் புழங்கும் தொடர் ‘ஃபெர்டெக்டெ வோனுங்ஸ்லோஸிஹ்கைட்’, அதாவது மறைந்திருக்கும் வீடின்மை. சோபாவைப் பார்த்துவிட்டு ‘கவுச்சர்ஃபிங்’ என்று எழுதாதீர்கள். ஜெர்மன் வாசகருக்கு அது சுற்றுலாப் பயணி இலவசமாகத் தங்குவது.

ஹைமாட்லோஸ் இந்த அறிக்கையில் எங்குமே வரக்கூடாது. ஹைமாட் என்பது ஊரும் மண்ணும் வேரும். அதை இழந்தவர் நல்ல வீட்டில் வாடகை கட்டிக்கொண்டும் இருக்கலாம். போதாததற்கு அந்தச் சொல்லுக்கு ஒரு சட்ட வரலாறும் உண்டு. போரால் பெயர்க்கப்பட்டு ஜெர்மனியில் தங்கிவிட்ட வெளிநாட்டினருக்காக 1951-இல் வந்த சட்டம் அவர்களை ‘ஹைமாட்லோஸெ அவுஸ்லென்டெர்’ என்றே குறிக்கிறது. நாடற்றவருக்கு ஷ்டாட்டென்லோஸ் என்று இன்னொரு சொல் இருக்கிறது, அதையும் இதோடு கலக்க வேண்டாம்.

இப்போது இங்கிலாந்துப் பக்கம். அங்கே 1996 வீட்டுவசதிச் சட்டத்தின் 175-ஆம் பிரிவுப்படி, தொடர்ந்து குடியிருப்பது நியாயமில்லாத வீட்டில் இருப்பவரும் ஹோம்லெஸ். அடித்துத் துன்புறுத்தும் கணவனோடு ஒரே கூரையின் கீழ் இருக்கும் பெண்ணும் அந்தக் கணக்கில் வருவார். அவர் பெயர் வாடகை ஒப்பந்தத்தில் இருந்தால் ஜெர்மன் வரையறை அவரை அப்படியே ஏற்காது. ஆகவே மூலம் சட்ட நிலையைச் சொல்லும் இடங்களில் ‘இங்கிலாந்துச் சட்டப்படி வோனுங்ஸ்லோஸ் எனக் கருதப்படுபவர்’ என்ற பொருளில் முதல் முறை விரித்து எழுதிவிடுங்கள். 2017 வீடின்மைக் குறைப்புச் சட்டத்துக்குப் பின் 56 நாளுக்குள் வீடிழக்க வாய்ப்புள்ளவரும் உதவிக்கு உரியவர். அவருக்கு ‘ஃபொன் வோனுங்ஸ்லோஸிஹ்கைட் பெட்ரோட்’, அதாவது வீடின்மை அச்சுறுத்தலில் இருப்பவர். இது ஜெர்மன் சமூகப் பணியில் அன்றாடம் புழங்கும் தொடர், துணிந்து போடலாம்.

‘இன்டென்ஷனலி ஹோம்லெஸ்’ தான் நீங்கள் கேட்டதில் மிகவும் ஆபத்தானது. கை நேராக ‘ஃபிரைவில்லிஹ் ஒப்டாஹ்லோஸ்’ என்று எழுதப் போகும். ஜெர்மன் காவல் மற்றும் ஒழுங்குச் சட்டத்தில் அந்தத் தொடர், தங்குமிடம் கொடுத்தும் வேண்டாம் என்று வெளியில் வாழ்பவரைக் குறிக்கும். இங்கிலாந்துச் சட்டம் சொல்வதோ வேறு: தெரிந்தே செய்த ஒரு செயலாலோ செய்யாமல் விட்டதாலோ இருந்த வீட்டை இழந்தவர். வாடகை கட்டப் பணம் இருந்தும் கட்டாமல் விட்டவர் இதில் வரலாம். தெருவில் படுக்க அவருக்குக் கொஞ்சமும் விருப்பம் இருக்காது. ‘ஸெல்ப்ஸ்ட் ஃபெர்ஷுல்டெட் வோனுங்ஸ்லோஸ்’ என்று போட்டு, முதல் இடத்தில் ஆங்கிலத் தொடரையும் சாய்வெழுத்தில் வைத்து, அது நகராட்சியின் முடிவு என்பதை ஒரு வாக்கியத்தில் சொல்லுங்கள். இல்லாவிட்டால் அந்தக் குடும்பத்தின் மேல் நீங்களே குற்றம் சுமத்துவது போல ஆகிவிடும்.

இருபுள்ளி

மேலே சொன்னதோடு இலக்கணத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். திருத்துநர் சிவப்பு மை போடும் இடம் இதுதான்.

ஒப்டாஹ்லோஸெ என்ற பெயர்ச்சொல் உண்மையில் பெயரடை. அதனால் பெயரடை போலவே விகுதி மாறும்: டெர் ஒப்டாஹ்லோஸெ, ஆனால் ஐன் ஒப்டாஹ்லோஸெர். பன்மையில் டீ ஒப்டாஹ்லோஸென், டெர், டீ போன்ற சார்படை இல்லாமல் நின்றால் வெறும் ஒப்டாஹ்லோஸெ. ஃபெர்வான்டெ (உறவினர்), ஆன்கெஹோரிகெ (குடும்பத்தார்), அலைன்எர்ட்ஸீயென்டெ (தனியாகப் பிள்ளை வளர்ப்பவர்) எல்லாம் இதே கூட்டம். கூட்டுச்சொல்லாகும்போது நடுவில் ‘ன்’ வரும்: வோனுங்ஸ்லோஸென்ஹில்ஃபெ, அதாவது வீடற்றோருக்கான உதவி.

அனாதைக் குழந்தைக்கு உரிய வைஸெ இந்தக் கூட்டத்தில் சேராது. பையனாக இருந்தாலும் பெண்ணாக இருந்தாலும் அது பெண்பால்தான்: டீ வைஸெ. எழுத்திலும் கவனம் வேண்டும். ஏ (a), ஐ (i) என்ற இரண்டு ரோமன் எழுத்தும் சேர்ந்தால்தான் இந்தப் பொருள். ஈ (e), ஐ (i) என்று எழுதினால் ‘விதம்’ என்றோ ‘அறிவாளி’ என்றோ ஆகும். உச்சரிப்பு இரண்டுக்கும் ஒன்று, பிழைதிருத்தி மென்பொருளும் விட்டுவிடும். ஒரு பெற்றோரை மட்டும் இழந்த குழந்தை ஹால்ப்வைஸெ.

பேரண்ட் என்ற ஒருமைக்கு எல்டெர்ன் உதவாது, அது பன்மை மட்டுமே. எல்டெர்ன்டைல் என்று போடலாம். படிவ வாடை அடிக்கும், அறிக்கைக்குப் பரவாயில்லை. நேர்காணலில் அம்மாவா அப்பாவா என்று தெரிந்தால் அதையே சொல்லிவிடுவது மேல். சிப்ளிங்கும் அப்படித்தான்: கெஷ்விஸ்டெர் பன்மைக்குச் சரி, ஒருவரைக் குறித்தால் ப்ரூடெர் அல்லது ஷ்வெஸ்டெர். சிங்கிள் பேரண்ட்டில் சிங்கிளை அப்படியே விட்டால் ‘துணை தேடுபவர்’ என்று ஒலிக்கும். அலைன்எர்ட்ஸீயென்ட் என்பதே சொல்.

அறிக்கையில் ‘நான்கு பேர் கொண்ட குடும்பம்’ என்று வந்தால் ஃபியர்கோப்ஃபிகெ ஃபமீலியெ என்று ஒரே அடியில் முடித்துவிடலாம். மேட்டர்னல் கிராண்ட்மதருக்கு ‘கிரோஸ்முட்டெர் ம்யூட்டெர்லிஹெர்ஸைட்ஸ்’. தாய்வழியா தந்தைவழியா என்று ஆங்கிலம் சொல்லாதபோது நாமாக நிரப்பக்கூடாது. தமிழில் யோசித்தால் அத்தையா சித்தியா என்று முடிவு கட்டாமல் கை ஓடாது. ஜெர்மனில் டான்டெ என்று விட்டுவிடலாம்.

கிளைமரம்

குடும்பச் சொற்களில் கண்ணிவெடி என்றால் அது ‘கேர்’ தான். ஜெர்மனில் ப்ஃப்ளேகெ என்ற ஒரு சொல், நோயாளியைப் பராமரிப்பது, பிறர் பிள்ளையை வளர்ப்பது, நீதிமன்றம் நியமிக்கும் பொறுப்பு என்று மூன்று வேலை பார்க்கிறது.

ஃபாஸ்டர் கேரருக்கு ப்ஃப்ளேகெமுட்டெர், ப்ஃப்ளேகெஃபாட்டெர். பால் தெரியாவிட்டால் ப்ஃப்ளேகெபெர்ஸோன், குடும்பம் முழுவதையும் சொன்னால் ப்ஃப்ளேகெஃபமீலியெ. ‘ப்ஃப்ளேகெர்’ என்று சுருக்கினால் செவிலியர் ஆகிவிடும். சட்ட உரையிலோ பிள்ளையின் ஒரு குறிப்பிட்ட விவகாரத்துக்கு மட்டும் நீதிமன்றம் நியமித்தவர் ஆகிவிடும். தலைகீழாகவும் நடக்கும். மூலத்தில் ‘யங் கேரர்’ வந்தால் அது நோயுற்ற பெற்றோரைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளை. அதை ப்ஃப்ளேகெகிண்ட் என்று எழுதினால் வளர்ப்புக் குடும்பத்துக்குப் போன பிள்ளை என்று பொருள் முழுசாகக் கவிழ்ந்துவிடும். ப்ஃப்ளேகெண்டெ கிண்டெர் என்று ஒரு விகுதி சேர்த்தால் சரியாகும். கின்ஷிப் கேர், அதாவது உறவினரே பிள்ளையை வளர்ப்பது, ஃபெர்வான்டென்ப்ஃப்ளேகெ. ப்ஃப்ளேகெஹைம் முதியோர், நோயாளிகள் இருக்கும் இல்லம். பிள்ளைகளுக்கு அது ஒருபோதும் இல்லை.

‘இன் கேர்’ என்றதும் பலர் இன்னொப்ஹூட்நாமெ என்று எழுதுகிறார்கள். அது ஜெர்மன் சமூகச் சட்டத்தின் எட்டாம் நூல் 42-ஆம் பிரிவில் உள்ள அவசர நடவடிக்கை. ஆபத்தில் இருக்கும் பிள்ளையை இளையோர் நல அலுவலகமான யூகெண்ட்அம்ட் தற்காலிகமாகத் தன் பாதுகாப்பில் எடுப்பதற்கு மட்டும் உரியது. ஆண்டுக்கணக்கில் வளர்ப்புக் குடும்பத்தில் இருக்கும் பிள்ளை அதே நூலின் 33-ஆம் பிரிவின்படி ஃபோல்ட்ஸைட்ப்ஃப்ளேகெயில் இருக்கிறது. இல்லத்தில் இருந்தால் 34-ஆம் பிரிவு. எங்கே என்று மூலம் சொல்லாமல் பொதுவாக விட்டிருந்தால் ‘ஃபிரெம்ட்உன்டெர்கெபிராஹ்ட்’, அதாவது சொந்தக் குடும்பத்துக்கு வெளியே தங்க வைக்கப்பட்ட பிள்ளை. அதுதான் துறைக்குள் புழங்கும் சொல்.

சில்ட்ரன்ஸ் ஹோமுக்கு கிண்டெர்ஹைம் போடலாமா என்பது காலத்தைப் பொறுத்தது. 1950, 60-களைப் பற்றிய பகுதி என்றால் அதுவே சரி. அந்த இல்லங்களில் பிள்ளைகள் பட்ட கொடுமைகளை விசாரிக்க 2009 முதல் 2010 வரை ஜெர்மனியில் ஒரு வட்டமேசை அமர்வே நடந்தது. ஹைம்கிண்ட் (இல்லத்துப் பிள்ளை) என்ற சொல்லில் அந்த வலி இன்னும் ஒட்டியிருக்கிறது. இன்றைய சிறிய இல்லங்களுக்கு வோன்குருப்பெ. பதினெட்டு வயதாகி வெளியேறுபவருக்குக் கேர்லீவர் என்ற ஆங்கிலச் சொல்லே ஜெர்மன் துறைநூல்களில் நிலைத்துவிட்டது, மாற்ற வேண்டாம்.

கேர் ஆர்டருக்கு நேர்ச்சொல் கிடையாது. இங்கிலாந்தின் 1989 பிள்ளைகள் சட்டத்தின் 31-ஆம் பிரிவுப்படி நீதிமன்றம் பெற்றோர் பொறுப்பை உள்ளாட்சிக்குக் கொடுக்கும், ஆனால் பெற்றோரிடமிருந்து அதை முழுவதும் பறிப்பதில்லை, இருவரும் பங்கிடுகிறார்கள். ஜெர்மன் குடிமைச் சட்டத்தின் 1666-ஆம் பிரிவுப்படி ‘பெற்றோர் உரிமை நீக்கம்’ என்று மொழிபெயர்த்தால் அந்தப் பங்கு காணாமல் போகும். ‘பெற்றோர் பொறுப்பில் உள்ளாட்சிக்கும் பங்கு தரும் நீதிமன்ற ஆணை’ என்று விளக்கமாக எழுதி, ஆங்கிலப் பெயரை ஒரு முறை காட்டிவிட்டு, அப்புறம் சுருக்கிக்கொள்ளலாம்.

கார்டியன் என்றால் யாருக்கு என்று பாருங்கள். பெற்றோர் இல்லாத சிறாருக்கு ஃபோர்முண்ட். பெரியவர்களுக்கு அந்த முறையே 1992-இல் ஜெர்மனியில் ஒழிந்துவிட்டது. அவர்களுக்கு இருப்பவர் பெட்ராயெர். ஆனால் இல்லத்தில் பிள்ளைகளைக் கவனிக்கும் ஊழியரும் பேச்சில் பெட்ராயெர்தான் என்பதால், சட்டப் பொருளில் வரும்போது ‘ரெஹ்ட்லிஹெர்’ (சட்டப்படியான) என்ற அடையைச் சேர்க்க வேண்டும். பள்ளிப் படிவத்தில் ‘பேரண்ட் ஆர் கார்டியன்’ என்று வருவது இவை எதுவுமில்லை; அங்கே ஸோர்கெபெரெஹ்டிக்டெ, பிள்ளைப் பொறுப்பு உள்ளவர்.

கஸ்டடி: ஸோர்கெரெஹ்ட் என்பது பிள்ளையின் வாழ்க்கையைத் தீர்மானிக்கும் உரிமை. உம்காங்ஸ்ரெஹ்ட் பிள்ளையைச் சந்திக்கும் உரிமை. பிள்ளை எங்கே வசிக்கும் என்று முடிவெடுப்பதற்குத் தனியாக அவுஃபென்ட்ஹால்ட்ஸ்பெஷ்டிம்முங்ஸ்ரெஹ்ட் என்று நீண்ட சொல் ஒன்று உண்டு. நீளமாக இருக்கிறதே என்று அதைத் தவிர்த்து ஸோர்கெரெஹ்ட் போட்டுவிட்டால் பொருள் பெரிதும் விலகும். 1998 சீர்திருத்தத்துக்குப் பின் ஜெர்மனியில் மணமுறிவு ஆனாலும் ஸோர்கெரெஹ்ட் இருவரிடமும் தொடர்வதே வழக்கம். ‘தாய்க்கு ஸோர்கெரெஹ்ட் கிடைத்தது’ என்று எழுதினால் தந்தைக்கு இனி எந்தச் சொல்லும் இல்லை என்றே ஜெர்மன் வாசகர் புரிந்துகொள்வார். இங்கிலாந்திலோ 1989 சட்டத்தோடு கஸ்டடி என்ற சொல் குடும்பச் சட்டத்திலிருந்தே போய்விட்டது, பேச்சில்தான் மிஞ்சியிருக்கிறது. பெரும்பாலும் பேசுபவர் சொல்ல வருவது ‘பிள்ளை என்னோடு இருக்கிறது’ என்பதுதான். அப்படியே எழுதிவிடுங்கள்.

எஸ்ட்ரேஞ்ட் எளிது. கணவன் மனைவிக்கு கெட்ரென்ட் லேபெண்ட், பிரிந்து வாழ்பவர். பெற்றோர் பிள்ளைக்கு ‘தொடர்பில்லை’ என்ற பொருளில் கைனென் கொன்டாக்ட் மேர். என்ட்ஃபிரெம்டெட் என்று அகராதி சொல்வது மனவிலகலை மட்டும் காட்டும், பேச்சு நின்றுபோனதைக் காட்டாது.

நெய்தல்

மூவருக்கும் நன்றி. இடப்பெயர்கள் இன்னும் நிற்கின்றன. கூடவே இரண்டு நேர்காணல் வரிகள். ஒரு தாய் சொல்கிறார்: முதலில் ‘ஹோம்’ போனது, பிறகு ‘எவிக்ஷன் நோட்டீஸ்’ (வீட்டைக் காலி செய்யச் சொல்லும் தாள்) வந்த அதே மாதத்தில் ‘கஸ்டடி’யும் போனது. இன்னொருவர் தன்னைத் தெருவில் ‘டிராம்ப்’ (ஊர்சுற்றி) என்று கூப்பிட்டதைச் சொல்கிறார். வசன வரியில் இடம் குறைவு.

வரிக்கு42

முதல் வரிக்கு: வாடகை வீடு என்றால் ‘டீ வோனுங் ஃபெர்லோரென்’ என்பதே இயல்பான ஜெர்மன். ட்ஸுஹவுஸெ (தன் வீடு என்ற உணர்வுள்ள இடம்) என்று பெயர்ச்சொல்லாகப் போட்டால் உணர்ச்சி கூடும். அவர் குரலில் அது இருந்தால் போடுங்கள். ஹவுஸ் என்று எழுதினால் தனிவீடு வைத்திருந்தவர் என்று ஆகும். ஹைம் கூடவே கூடாது, தனியாக நிற்கும்போது அது காப்பகத்தைத்தான் நினைவூட்டும்.

எவிக்ஷன் நோட்டீஸில் மூன்று தாள் ஒளிந்திருக்கிறது. வீட்டுக்காரர் ‘காலி செய்’ என்று கொடுத்ததா? க்யூண்டிகுங். நீதிமன்றத்தில் வழக்குப் போட்டாரா? ராய்முங்ஸ்கிளாகெ. அமலாக்க அதிகாரி வந்து வெளியேற்றும் நாளா? ட்ஸ்வாங்ஸ்ராய்முங். இவற்றுக்கு நடுவே மாதங்கள் ஓடும், உதவி கிடைக்க வாய்ப்பும் மாறும், ஆகையால் சமூகப் பணியாளர் இந்த வித்தியாசத்தைத்தான் முதலில் தேடுவார். மூலத்தில் தேதி வரிசையைப் பார்த்து முடிவு செய்யுங்கள். கஸ்டடி பற்றி கிளைமரம் சொன்னதே என் கருத்தும்: பிள்ளை இப்போது யாரோடு இருக்கிறது என்று எழுதுங்கள், வரியும் சுருங்கும்.

டிராம்ப் என்று கூப்பிட்டது வசை. வசையை வசையாகவே வைக்க வேண்டும்: பென்னெர். அதை மென்மையாக்கி ஒப்டாஹ்லோஸெர் என்று போட்டால் அவர் பட்ட அவமானத்தை நாம் மறைத்தவர்கள் ஆவோம். ஆனால் அறிக்கையின் சொந்தக் குரலில் அந்தச் சொல் ஒரு இடத்திலும் வரக்கூடாது. ஊர்சுற்றி என்ற பொருளுள்ள லான்ட்ஷ்ட்ரைஹெர் பழைய காலத்துக் கதைக்கு மட்டும்.

இரண்டு சொற்களை எந்தக் குரலிலும் அசட்டையாகத் தொடாதீர்கள். ‘சமூக விரோதி’ என்ற பொருளுள்ள அசோட்ஸியால் நாஜிகளின் முத்திரை. வீடற்றவர்களையும் வேலையற்றவர்களையும் 1938-இல் கூட்டம் கூட்டமாகப் பிடித்து வதைமுகாமுக்கு அனுப்பினார்கள். முகாமில் அவர்கள் சட்டையில் கறுப்பு முக்கோணம் தைத்திருந்தது. அவர்களும் நாஜிகளால் பாதிக்கப்பட்டோர் என்று ஜெர்மன் நாடாளுமன்றம் ஏற்றுக்கொண்டது 2020 பிப்ரவரியில்தான். ‘ஆன்டி-சோஷியல் பிஹேவியர்’ என்று இங்கிலாந்து அறிக்கைகளில் சாதாரணமாக வரும் தொடரை இந்தச் சொல்லால் மொழிபெயர்ப்பது பெரும் பிழை. என்ன நடந்தது, சத்தமா சண்டையா என்று பார்த்து அதை எழுதுங்கள். இரண்டாவது நிஹ்ட்ஸெஸ்ஹாஃப்டெ, ‘நிலையாகத் தங்காதவர்’. பழைய அலுவலகத் தாள்களில் நிறைய இருக்கும், பார்க்க நடுநிலையாகத் தெரியும். வீடில்லாமல் போனதை ஆளின் குணமாக்கும் சொல் அது. துறை அதைக் கைவிட்டு வெகுகாலம் ஆகிறது.

‘நோ ஃபிக்ஸ்ட் அபோட்’ (நிலையான முகவரி இல்லை) வந்தால் ‘ஓனெ ஃபெஸ்டென் வோன்ஸிட்ஸ்’, அலுவலகச் சொல் அதுவே. அளவைப் பொறுத்தவரை ஒரு வரிக்கு 37 முதல் 42 எழுத்து என்று வைத்தால், வோனுங்ஸ்லோஸெ மென்ஷென் மட்டும் ஜெர்மன் எழுத்தில் 21 இடம் பிடிக்கும், ஒப்டாஹ்லோஸெ 10 தான். அந்தச் சேமிப்புக்காகப் பொருளை மாற்றாதீர்கள். ஆள் யார் என்று முன்வரி சொல்லியிருந்தால் அடுத்த வரியில் ‘அவர்கள்’ போதும்.

வழக்குமொழி

இடப்பெயர்களை முடித்துவிடுவோம்.

ஷெல்ட்டர் ஒரே இரவுக்கு என்றால் நோட்யூபெர்னாஹ்டுங், சற்று நீடித்தால் நோட்உன்டெர்குன்ஃப்ட். பழைய ஒப்டாஹ்லோஸென்அஸ்யூல் இப்போது புழக்கத்தில் இல்லை. அஸ்யூல் என்றாலே அகதித் தஞ்சம் என்று ஆகிவிட்டது. ஹாஸ்டலை ஹோஸ்டெல் என்று எழுதினால் முதுகுப்பையோடு வரும் பயணிகள் தங்கும் இடம். வோன்ஹைம் என்று எழுதி, யாருக்கானது என்பதையும் சேருங்கள். வன்முறைக்குத் தப்பிய பெண்களின் ரெஃப்யூஜ் ஃபிராவென்ஹவுஸ், வேறு எதுவும் இல்லை. டீர்ஹைம் விலங்குகளுக்கு, ‘ஷெல்ட்டர்’ என்று தேடினால் அகராதியில் அதுவும் பக்கத்திலேயே நிற்கும்.

டெம்பரரி அகாமடேஷனுக்கு ‘ஃபோர்யூபெர்கேஹென்டெ உன்டெர்பிரிங்குங்’. இதில் இரண்டாம் சொல் தனியாக நின்றால் மனநல மருத்துவமனையில் கட்டாயமாகச் சேர்ப்பதையும் குறிக்கும். நகராட்சி அறை ஒதுக்கும் ஆணைக்குரிய ஐன்வைஸுங்கும் அதே மாதிரி, மருத்துவமனைக்கு அனுப்பும் சீட்டும் அதே பெயர். சுற்றியுள்ள வாக்கியத்தில் வீடு, நகராட்சி என்ற குறிப்பு இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். ‘பெட் அண்ட் பிரேக்ஃபாஸ்ட்’ வந்தால் அப்படியே விடாதீர்கள். ஜெர்மன் வாசகர் கடற்கரை விடுமுறையை நினைப்பார். இங்கே அது ஒரு குடும்பம் ஒரே அறையில், சமையலறையைப் பிறரோடு பங்கிட்டு இருப்பது. பிள்ளைகள் உள்ள குடும்பத்தை ஆறு வாரத்துக்கு மேல் அப்படி வைக்கக்கூடாது என்று இங்கிலாந்தின் 2003 அரசாணை சொல்கிறது. ‘மலிவு விடுதி அறையில் தங்க வைத்தல்’ என்ற பொருளில் எழுதுங்கள், ஆறு வார வரம்பு மூலத்தில் ஏன் திரும்பத் திரும்ப வருகிறது என்பதும் அப்போதுதான் விளங்கும்.

கிளைமரம்

ஒரு சேர்க்கை. இதே கோப்பு பிறகு ஆஸ்திரியாவுக்கோ சுவிட்சர்லாந்துக்கோ போகுமானால் இப்போதே சொற்பட்டியலில் தனிப் பத்தி போட்டுவிடுங்கள். ஆஸ்திரியாவில் ஸோர்கெரெஹ்ட் இல்லை, ஒப்ஸோர்கெ. வீட்டைக் காலி செய்ய வைப்பது டெலொஜீருங். பெரியவர்களுக்கான சட்டப் பொறுப்பாளர் 2018 முதல் எர்வாக்ஸெனென்ஃபெர்ட்ரேட்டெர். சுவிட்சர்லாந்தில் ஒப்ஹூட் என்பது பிள்ளை யாரோடு வசிக்கிறது என்பதைக் குறிக்கும் சட்டச் சொல், ஜெர்மனியின் அவசரப் பாதுகாப்பு இல்லை. அங்கே வாடகைதாரரை வெளியேற்றுவதற்கு அவுஸ்வைஸுங் என்பார்கள். ஜெர்மனியில் அதே சொல் வெளிநாட்டவரை நாட்டை விட்டு வெளியேற்றுவது. வெளிநாட்டுக் குடும்பம் ஒன்றைப் பற்றிய பத்தியில் இந்தச் சொல் இடம் மாறி விழுந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

நெய்தல்

பட்டியலில் மூன்று நாட்டுக்கும் பத்தி போட்டுவிட்டேன். ‘யார், இன்று இரவு எங்கே, எந்த உரிமையில்’ என்று ஒவ்வொரு நேர்காணலுக்கும் தலைப்பில் ஒரு வரி குறித்துக்கொண்டு வருகிறேன். மூலத்தில் பதில் இல்லாத நான்கு இடங்களை அறிக்கை எழுதியவர்களிடமே கேட்டு அனுப்பியிருக்கிறேன்.